ஏழாவது நாற்காலி

"காலைல என்ன சாப்ட்டீங்க?" என்ற ஒரே கேள்வியைக் கேட்பதற்காக ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நானே நம்பவில்லை. ஏதோ முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம், சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எனக்கு அப்போது வயது இருபத்து மூன்று, உலகத்தில் என்னைத் தவிர எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பதாக ஒரு எண்ணம்.

எங்கள் கம்பெனி அலுவலகங்களின் மீட்டிங் அறைகளுக்கு வீடியோ கான்ஃபரன்ஸ் கருவிகள் மாட்டிக் கொடுக்கிறது. திரை, கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் தூக்கிக்கொண்டு போய், சுவரில் ஓட்டை போட்டு, மேஜைக்கு அடியில் தவழ்ந்து வயர் இழுப்பது என் வேலை. மாட்டி முடித்ததும், கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க எதிர்முனையில் ஓர் ஆள் வேண்டும் இல்லையா? அந்த ஆள்தான் அக்கா. எங்கள் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், ஸ்டோர் ரூமுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. சுவர் முழுக்கப் பழைய கம்பளம் ஒட்டியிருக்கும். நான்கு திரைகள், ஒரு ஹெட்போன், ஒரு நோட்டு. மேஜையில் ஒரு ஃபேன் இருந்தது, ஆனால் அதைப் போட்டால் இரைச்சலில் காது ஏமாந்துபோகும் என்று அக்கா போடவே மாட்டார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தார்.

மற்ற கம்பெனிகளில் எதிர்முனையில் இருப்பவர் "கேக்குதா?" என்பார், இந்தப் பக்கம் இருப்பவன் "கேக்குது" என்பான், வேலை முடிந்தது. அக்காவுக்கு இது பிடிக்காது. கேக்குதா என்று கேட்டால் அரைகுறையாகக் காதில் விழுந்தாலும் மனுஷன் கேக்குது என்றுதான் சொல்லுவான், அது மரியாதைக்குச் சொல்வது, அதை நம்பி ஓர் அறையை ஒப்படைக்க முடியாது என்பார். என்ன பதில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், பாதி சத்தம் வந்தாலும் மீதியைக் காது தானே இட்டு நிரப்பிக்கொள்ளுமாம். அதனால் ஊகிக்க முடியாத பதில் வேண்டும். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை எல்லோராலும் யோசிக்காமல் சொல்ல முடியும், எதிரில் இருப்பவரால் ஊகிக்க முடியாது. சொன்னதை அக்கா ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்லுவார். சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டால் அந்த நாற்காலி தேறியது. நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போகச் சொல்லுவார்.

எட்டு நாற்காலி உள்ள அறை என்றால் எட்டு நாற்காலியிலும் நான் உட்கார வேண்டும், எட்டு பதில் சொல்ல வேண்டும். ஒருத்தன் ஒரே நாளில் எட்டு விதமாகச் சாப்பிட முடியுமா? ஒன்று நிஜம், மீதி ஏழும் பொய். அந்தப் பொய்க்கு அக்காவின் முழு அனுமதி உண்டு. நாற்காலியில்தான் பொய் கூடாது.

இந்தப் பழக்கத்தால் அவருக்கு "சாப்ட்டாச்சா அக்கா" என்று பெயர் வந்தது. வீட்டிலும் விடவில்லை. அவர் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். "உப்பு எங்க?" என்று அவர் கேட்டால், அக்கா "உப்பு எங்க" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் உப்பை எடுத்துக் கொடுப்பாராம். கல்யாணமான புதிதில் தன்னைக் கிண்டல் செய்கிறாள் என்று இரண்டு மாதம் முறைத்துக்கொண்டிருந்தாராம். ஒரே மகள். அப்பா பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர், அதுவும் செல்லமாக மட்டும் அல்ல.

அக்கா சேர்ந்த காலத்தில் கம்பெனிக்கு வருடத்தில் நான்கு அறை கிடைத்தாலே பெரிய விஷயம். ஒரு செட்டின் விலையில் ஒரு வீடு கட்டிவிடலாம். கேமரா ஒரு சமையலறை அடுப்பு அளவுக்கு இருக்கும். பேசுகிறவர் வாய் அசைந்து முடித்த பிறகுதான் சத்தம் வரும், நடுவில் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். கோட்டு போட்டவர்கள் மட்டும்தான் திரையில் வருவார்கள். பிறகு விலை இறங்கியது, லைன் வேகமானது. வங்கிகள் வாங்கின. ஆஸ்பத்திரிகள் வாங்கின. எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த வருடம், இனி அலுவலக அறைக்கு யார் வரப்போகிறார்கள், நம் பிழைப்பு போச்சு என்று முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நடந்ததோ நேர்மாறாக இருந்தது. பாதிப் பேர் வீட்டிலிருந்து, பாதிப் பேர் அலுவலகத்திலிருந்து என்று ஆனதும், திரை இல்லாத அறையே கூடாது என்றாகிவிட்டது. கோழிப்பண்ணை அலுவலகத்தில் மாட்டினேன். லாரி ஷெட்டின் மாடியில் மாட்டினேன். ஒரு செங்கல் சூளைக்காரர் கூடக் கூப்பிட்டார், புகை கேமராவில் படியாமல் இருக்க என்ன செய்யலாம் என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

வருடக் கடைசிக் கூட்டத்தில் முதலாளி ஒரு படம் போட்டுக் காட்டுவார், அதில் ஒரு கோடு கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். அக்கா அந்தக் கோட்டைப் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார். அவர் அறை அலமாரியில் நோட்டுகள் அடுக்கியிருந்தன. முதல் நான்கு வருடத்துக்குச் சேர்த்து ஒரே நோட்டு. அடுத்த ஐந்து வருடத்துக்கு மூன்று. போன வருடத்துக்கு மட்டும் ஆறு. எத்தனையோ ஆயிரம் நாற்காலிகள், எத்தனையோ ஆயிரம் ரொட்டி, முட்டை, வாழைப்பழம். அந்த அறைகளில் ஒன்றுக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை. ஆனால் எந்த அறையில் எந்த மூலையில் ஏசி இரைகிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.

இனி என் கதைக்கு வருகிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது.

ஒரு கப்பல் சரக்கு நிறுவனம். தலைமை அலுவலகம் வேறு நகரத்தில், இங்கே ஒரு கிளை. அந்தக் கிளைக்கு எட்டு நாற்காலி அறை ஒன்றை நான் மாட்டினேன். நீள மேஜை, மேஜைமேல் மூன்று மைக். அன்று சாயங்காலம் கால்பந்து இறுதி ஆட்டம். நண்பர்கள் எல்லோரும் ஒருவன் வீட்டில் கூடியிருந்தார்கள். எனக்கு ஒரே பரபரப்பு. மூன்று மைக்கிலும் பச்சை விளக்கு எரிந்தது. எரிந்தால் போதாதா? கேமராவை இன்னும் மாட்டவில்லை, முதலில் சத்தத்தை முடித்துவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். கேமரா அப்போது என் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தது, நான்தான் மூடியைக் கழற்றவில்லை. பிறகு முதல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, எட்டு நாற்காலிக்கும் அங்கிருந்தே பதில் சொன்னேன். நாற்காலி மாறுகிற மாதிரி நடுநடுவே காலால் தரையைத் தேய்த்துச் சத்தமும் கொடுத்தேன். அக்கா எட்டையும் திருப்பிச் சொன்னார், எழுதிக்கொண்டார். நான் கம்பி நீட்டினேன். ஆட்டத்தில் எங்கள் அணி தோற்றது, அது தனி வயிற்றெரிச்சல்.

நான்கு வருடம் கழிந்தது. அந்த அறையைப் பற்றி யாரும் ஒரு புகார் சொல்லவில்லை. நானும் சுத்தமாக மறந்துபோனேன்.

ஒரு நாள் டீ நேரத்தில் அக்கா ஒரு பழைய நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் சரியில்லை. அவர் மகள் அந்தக் கப்பல் நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்காணல் வீடியோவில் நடந்தது. தேர்வு செய்கிறவர்கள் தலைமை அலுவலகத்தில், இவள் இங்கே கிளை அறையில். நன்றாகப் பேசினேன் என்று சொல்லிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாளாம். பத்து நாள் கழித்து வந்த கடிதத்தில், பதில்கள் தெளிவாக இல்லை, தன்னம்பிக்கை குறைவு என்று எழுதியிருந்ததாம்.

எங்கள் வாயாடிக்குத் தன்னம்பிக்கை குறைவா? சிரிப்புத்தான் வந்தது எனக்கு. அக்கா சிரிக்கவில்லை. வேறு தாயாக இருந்தால் என்ன கேள்வி கேட்டார்கள் என்று விசாரித்திருப்பார். இவர் மகளிடம் கேட்டது, எந்த நாற்காலியில் உட்கார்ந்தாய் என்று. ஜன்னல் பக்கம் கடைசிக்கு முந்தியது என்றாளாம். எங்கள் கணக்கில் ஏழாவது. வருகிறவர்களை எல்லாம் அங்கேதான் உட்கார வைக்கிறார்களாம், வெளிச்சம் முகத்தில் நன்றாக விழும் என்று கருவி மாட்ட வந்தவர் சொல்லிவிட்டுப் போனாராம். அப்படிச் சொல்லிவிட்டுப் போன அறிவாளி நான்தான்.

அக்கா நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். அவருடைய உருண்டைக் கையெழுத்தில் என் பொய்கள் வரிசையாக இருந்தன. ஒன்று ரொட்டி. இரண்டு முட்டை. மூன்று வாழைப்பழம். நான்கு பால். ஐந்து ஒன்றும் இல்லை. ஆறு பிஸ்கட். ஏழு நேற்று மீந்த சோறு. எட்டு காப்பி மட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டிக்.

"ஏழு நல்லாத்தான் கேட்டிருக்கு தம்பி," என்றார். "நோட்டுல இருக்கு பாரு. அப்ப இவ நெஜமாவே அங்க போயி முணுமுணுத்திருக்கா. அதைத்தான் அவகிட்டயும் சொன்னேன். அன்னையிலேர்ந்து வீட்ல வாயே தெறக்க மாட்டேங்குறா. இனிமே எந்த இன்டர்வியூவுக்கும் போகமாட்டேன்னு உக்காந்துட்டா."

பெற்ற மகளையா நோட்டையா நம்புவது என்று வந்தபோது, அந்த மனுஷி நோட்டை நம்பியிருக்கிறார். அந்த நோட்டில் என்னை நம்பி எழுதியிருக்கிறார். பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. நான்கு வருடத்துக்கு முந்திய சமாச்சாரம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஓயாமல் பேசுகிற ஒரு பெண் வாய் மூடிக் கிடக்கிறாள் என்பதை நினைத்தபோது, கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அன்னைக்கு நான் மொத நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல," என்றேன்.

அவர் நான் சொன்னதை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "மொத நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல." சொல்லி முடித்துவிட்டு நோட்டை மூடினார். திட்டியிருந்தால் தேவலை. எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். அந்த அறை ஒன்றில்தான் இப்படியா, வேறு எங்கேயும் உண்டா என்று கேட்டார். ஒன்றே ஒன்றுதான் என்று சத்தியம் செய்தேன். "நீங்க சொல்றத இனி நான் எத வச்சு நம்புறது?" என்றார். பதினான்கு வருடம் தம்பி, நீ, வா, போ என்று பேசியவர் அன்று நீங்க என்றார். அது எனக்குக் கன்னத்தில் அறை வாங்கியதைவிட அதிகமாக வலித்தது. நான்கு வருடத்துக்கு முந்திய அந்த வருடம் நான் மாட்டிய முப்பத்தோரு அறைகளுக்கும் மறுபடி போய், ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்றார். கேமரா திறந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

பிறகு முதலாளியிடம் போனார். அந்தக் கப்பல் நிறுவனத்துக்கு நம் தவற்றை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றார். முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் அந்த நிறுவனம் இன்னும் பன்னிரண்டு கிளைகளுக்கு அறை மாட்டித் தரச் சொல்லி அப்போதுதான் பேச்சுவார்த்தையில் இருந்தது. நாமாகப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டுமா, சத்தமில்லாமல் ஆளை அனுப்பிச் சரி செய்துவிட்டு வந்தால் போகிறது என்றார். அக்கா கேட்கவில்லை. சத்தமில்லாமல் சரி செய்தால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தோற்றுப்போனவர்களுக்கு யார் சொல்லுவது என்றார். அப்போது முதலாளி கொஞ்சம் கூர்மையாகவே, இது உங்கள் மகளுக்காகத்தானே என்று கேட்டுவிட்டார்.

"ஆமா, அவளாலதான் தெரிய வந்துச்சு," என்றார் அக்கா. "லெட்டர்ல அவ பேரு இருக்காது. யாராவது கேட்டா மறைக்கவும் மாட்டேன்."

கடிதம் போனது. மறுநாளே நான் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். மேஜைக்கு அடியில் தவழ்ந்து பார்த்தால், மூன்றாவது மைக்கின் வயர் முனை பாதிதான் செருகியிருந்தது. விளக்கு எரிய அது போதும், சத்தம் போக அது போதாது. ஏழாவது நாற்காலியில் யார் பேசினாலும் தள்ளியிருந்த இரண்டாவது மைக் வழியாகத்தான் போயிருக்கிறது, அதுவும் தலைக்கு மேல் இரைகிற ஏசியோடு சேர்ந்து. கிளையில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் திரைக்குப் பக்கத்தில் உட்காருவதால் அவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கட்டைவிரலால் ஒரு அழுத்து. டக் என்று உள்ளே போனது. இந்த ஒரு அழுத்துக்காகத்தான் நான்கு வருடம்.

ஆள் எடுக்கும் பிரிவின் பெண் அதிகாரி தலைமை அலுவலகத்திலிருந்து நேரிலேயே வந்துவிட்டார். இந்த ஊர்க்காரர்கள் எல்லாம் பயந்த சுபாவம் போலிருக்கிறது என்று இத்தனை நாளும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்களாம். சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டார். நான்கு வருடத்துக்கும் பின்னால் போக முடியாது, அந்த வேலைகளில் எல்லாம் வேறு ஆள் சேர்ந்தாகிவிட்டது. ஆனால் கடைசி மூன்று மாதத்தில் வந்து போன பதினொரு பேரை மறுபடி கூப்பிடுகிறோம் என்றார். அதில் வாயாடியும் ஒருத்தி.

அவள் லேசில் வரவில்லை. அம்மாவின் நோட்டு சொன்னபோது நான் முணுமுணுத்தவள், இப்போது மட்டும் எப்படி வாய் முளைத்துவிட்டது என்று கேட்டாளாம். அக்கா அவள் எதிரில் உட்கார்ந்து, தப்பு என்மேல்தான், உன்னை நம்பியிருக்க வேண்டும் என்று சொன்னாராம். வேன் ஓட்டும் அப்பா அதைக் கேட்டுவிட்டு, வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் ஒரே வாக்கியமாக, "போயிட்டு வாம்மா, நான் கொண்டு விடுறேன்," என்றாராம்.

நேர்காணல் நாள் காலை ஒன்பது மணிக்கு நான் அறையில் தயாராக இருந்தேன். எதிர்முனையில் அக்கா. கேமரா மூடியைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒன்றிலிருந்து ஆறுவரை உட்கார்ந்து எழுந்தேன். ஏழுக்கு வந்தபோது அந்த அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். உங்கள் குரல் வேண்டாம், முதலில் வந்திருக்கிற பெண்ணையே பேசச் சொல்லுங்கள் என்றார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவள் வாயாடி. அவர்களுக்குள் என்ன உறவு என்று அந்த அதிகாரிக்குத் தெரியாது. அவள் ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் கம்பளச் சுவருக்கு முன்னால் அம்மா, ஹெட்போனுடன். இருவரும் முன்பின் பார்த்திராதவர்கள் போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வணக்கம். காலைல என்ன சாப்ட்டீங்க?" என்றார் அக்கா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

வாயாடி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "ரெண்டு முட்டை. எங்கம்மா வேலைக்குக் கெளம்புற அவசரத்துல அவிச்சுக் குடுத்தது. ஒண்ணுல உப்பே இல்ல."

"ரெண்டு முட்டை. எங்கம்மா வேலைக்குக் கெளம்புற அவசரத்துல அவிச்சுக் குடுத்தது. ஒண்ணுல உப்பே இல்ல," என்று அக்கா ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார். குனிந்து நோட்டில் எழுதினார். டிக் போட்டார். பிறகு நிமிராமலே, "நாளைக்குப் பாத்துப் போடச் சொல்லுங்க உங்கம்மாவ," என்றார்.

அந்த அதிகாரி சிரித்துவிட்டார். எந்தக் கம்பெனியிலும் இப்படி ஒரு சோதனையைப் பார்த்ததில்லை என்றார். எட்டாவது நாற்காலியை முடித்துக்கொண்டு நான் வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெட்கப்பட என்ன இருக்கிறது?

பன்னிரண்டு கிளைகளில் ஐந்துதான் எங்களுக்குக் கிடைத்தது, மீதியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். முதலாளி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அப்புறம் சரியாகிவிட்டார். நான் முப்பத்தோரு அறைகளையும் சுற்றி வந்தேன். எல்லாம் தேறின. ஒவ்வொரு நாற்காலியிலும் அக்கா என்னை நீங்க என்றேதான் கேட்டார், நானும் வாலைச் சுருட்டிக்கொண்டு பதில் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ஏணிமேல் நின்று திரை மாட்டிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. கடிதம் வந்துவிட்டது என்றார். பதினொரு பேரில் நான்கு பேரை எடுத்திருக்கிறார்கள், அதில் தன் மகளும் உண்டு, அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும் என்று மடமடவென்று சொன்னார். பிறகு பேப்பர் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஒரு வரி படிக்கிறேன், நல்லா கேளு தம்பி," என்றார். "'பதில்கள் தெளிவாகவும் உறுதியாகவும் இருந்தன.' எங்க, திருப்பிச் சொல்லு."

ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நான் திருப்பிச் சொன்னேன். பதில்கள் தெளிவாகவும் உறுதியாகவும் இருந்தன.

"ம். கேக்குது," என்றார் அக்கா. "காலைல என்ன சாப்ட்ட?"